முதுகெலும்பு இன்ஃபெக்ஷன் ரத்தக்குழாயைத் தொட்டா என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்புல பாக்டீரியா இன்ஃபெக்ஷன்னு சொன்ன உடனே வீட்ல இருக்கறவங்க கேக்குற முதல் கேள்வி "கால் விளங்காம போயிடுமா"ங்கறதுதான். நியாயமான பயம். ஆனா அதே எலும்பை ஒட்டி முன்பக்கமா உடம்போட பெரிய ரத்தக்குழாயும் ஓடுது, அதை பத்தி யாரும் கேக்கறதில்ல, சில சமயம் பாக்குறவங்களுக்கே ஞாபகம் வர லேட்டாயிடுது. வார்டுல இந்த நோயாளிகளோட ரொம்ப நாள் வேலை பாத்ததுல திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்க எழுதறேன். இந்த சிக்கல் அபூர்வம்தான், எல்லாருக்கும் வராது, ஆனா வந்துட்டா கையில இருக்குற நேரம் ரொம்ப கம்மி.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நம்ம பேச்சுல "நரம்புல ஊசி போட்டாங்க"ன்னு ரத்தம் ஓடறதையும் நரம்புன்னுதான் சொல்றோம், கை காலை அசைக்க வைக்கறதையும் நரம்புன்னுதான் சொல்றோம். இந்த நோய்ல ரெண்டும் மாட்டிக்கும், அதனால ரத்தம் ஓடறதை ரத்தக்குழாய்னே எழுதறேன்.

எலும்புக்குள்ள பாக்டீரியா எப்படி போகுது?

பெரும்பாலும் ரத்தம் வழியாத்தான். தோல்ல ஒரு கட்டி, யூரின் இன்ஃபெக்ஷன், டயாலிசிஸ் லைன், ரொம்ப நாள் போட்ட ஐவி லைன், இதய வால்வு, இதுல எங்க இருந்து வேணா கிருமி ரத்தத்துல கலந்து வந்து முதுகெலும்புல உக்காந்துக்கும். இங்க வர்ற சின்ன தமனி, அதாவது இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு வர்ற குழாய், ஒரு விசித்திரமான வேலை பண்ணுது, ரெண்டா பிரிஞ்சு ஒரு கிளை மேல் எலும்போட அடிப்பக்கத்துக்கும் இன்னொண்ணு கீழ் எலும்போட மேல்பக்கத்துக்கும் போகுது, அதனாலதான் ஸ்கேன்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு எலும்பும் நடுவுல டிஸ்க்கும் சேர்ந்து கெட்டுப்போய் தெரியும். கேன்சர் பரவினா பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுடும், டிஸ்க்கும் சேர்ந்து போயிருந்தா முதல்ல இன்ஃபெக்ஷனைத்தான் சந்தேகப்படுவாங்க.

இதயத்துக்கு ரத்தத்தை திருப்பி கொண்டு போற சிரை வழியாவும் வரலாம்னு சொல்றவங்க உண்டு. 1940ல பேட்ஸன்ங்கற உடற்கூறியல் ஆராய்ச்சியாளர் முதுகெலும்பை சுத்தி இருக்குற சிரை வலையில வால்வே கிடையாது, இருமினாலோ முக்கினாலோ ரத்தம் தலைகீழா கூட ஓடும்னு காட்டினார். அடிவயித்து இன்ஃபெக்ஷன் முதுகுக்கு ஏறுறதுக்கு அதை ஒரு காரணமா சொல்வாங்க. ஆனா தமனி வழிதான் அதிகம்னு இப்போ பெரும்பாலானவங்க நினைக்கறாங்க.

அயோர்ட்டா எலும்புக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு?

ஒல்லியா இருக்கறவங்க மல்லாக்க படுத்து தொப்புளுக்கு கொஞ்சம் மேல கையை வெச்சா துடிக்கறது தெரியும். அதுதான் அயோர்ட்டா, மகாதமனி. அந்த துடிப்புக்கு நேர் பின்னாடி இருக்கறது இடுப்பு முதுகெலும்பு. ரெண்டுக்கும் நடுவுல எலும்பு முன்னாடி ஒட்டியிருக்குற ஒரு தசைநார் பட்டையும் கொஞ்சம் கொழுப்பும்தான், வேற எதுவும் இல்ல. சைடுல இருந்து எடுத்த எம்ஆர்ஐ படத்தை ஒரு தடவை பாத்தீங்கன்னா புரிஞ்சுடும், அடுக்கி வெச்ச எலும்புக்கு முன்னாடி கருப்பா ஒரு குழாய் சாஞ்சுகிட்டே இறங்கும்.

நாலாவது இடுப்பு எலும்பு கிட்ட வந்து அது ரெண்டா பிரிஞ்சு ரெண்டு காலுக்கும் போகுது. வலது பக்கமா பெரிய சிரை மேல ஏறுது. இன்ஃபெக்ஷன் அதிகமா வர்றதும் இதே இடுப்பு பகுதியிலதான், அதுதான் சங்கடம்.

அங்க இருந்து ரத்தக்குழாய்க்கு எப்படி தாவுது?

எலும்பும் டிஸ்க்கும் சீழ் பிடிச்சு முன்பக்கமா உடைச்சுகிட்டு வந்தா அது நேரா அயோர்ட்டாவோட பின் சுவர்ல போய் சாயும். சுவர் வெளியில இருந்து உள்ள அரிக்கப்படும், ஒரு இடத்துல ஓட்டை விழும், ஆனா சுத்தி இருக்குற திசு கொஞ்ச நேரமோ கொஞ்ச நாளோ ரத்தத்தை பிடிச்சு வெச்சுக்கும். இதைத்தான் பொய் வீக்கம், சூடோ அனியூரிசம்னு சொல்றாங்க. பேர்தான் பொய், ஆபத்து நிஜம், ஏன்னா அந்த பைக்கு சொந்தமா சுவரே கிடையாது.

எதிர்பக்கமாவும் நடக்கும். வயசானவங்களுக்கு அயோர்ட்டா உள்சுவர்ல கொழுப்பு படிஞ்சு சொரசொரன்னு இருக்கும், நல்லா இருக்குற உள்சுவர்ல கிருமி சுலபமா ஒட்டாது ஆனா இந்த மாதிரி இடத்துல ஒட்டிக்கும், அங்க வீக்கம் வந்து அது பின்னாடி இருக்குற எலும்பை அரிச்சுகிட்டு போய் முதுகு வலியா வெளிய தெரியும். அப்போ முதல் நோய் ரத்தக்குழாய்ல, முதுகெலும்பு அப்புறம்தான். ஒரே நேரத்துல ரெண்டு இடத்துலயும் கிருமி உக்காந்திருக்கறதும் உண்டு. எது முன்னாடின்னு பல நேரம் கண்டுபிடிக்க முடியாது.

ரிப்போர்ட்ல "மைக்காட்டிக் அனியூரிசம்"னு போட்டிருக்கு, அப்போ இது பூஞ்சையா?

இல்ல. இந்த பேரால எத்தனையோ பேர் குழம்பியிருக்காங்க, பூஞ்சைக்கு ஏன் மருந்து குடுக்கலன்னு கேட்டவங்களும் இருக்காங்க. 1885ல லண்டன்ல குடுத்த ஒரு சொற்பொழிவுல வில்லியம் ஆஸ்லர் வெச்ச பேர் இது, இதய வால்வு இன்ஃபெக்ஷன் இருந்த நோயாளியோட ரத்தக்குழாய் வீக்கத்தை பாத்து, தோற்றத்துல காளான் மாதிரி இருக்குன்னு. பெரும்பாலும் காரணம் பாக்டீரியாதான். இப்போ "இன்ஃபெக்டட் அனியூரிசம்"னு எழுதறவங்க அதிகமாயிட்டாங்க, அதுதான் சரி.

எந்த கிருமின்னா அதிகம் கவனிக்கணும்?

முதுகெலும்புல முதலிடம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ரத்தக்குழாயை கெடுக்கறதுலயும் அது முன்வரிசை. அதுக்கு அடுத்து நான் பேரை கேட்டாலே நிமிர்ந்து உக்காருறது சால்மொனெல்லா. வயித்துப்போக்கு கிருமின்னு நினைப்போம், ஆனா ரத்தத்துல கலந்துட்டா கொழுப்பு படிஞ்ச அயோர்ட்டாவை தேடிப் போய் ஒட்டிக்குற குணம் அதுக்கு உண்டு. 50 வயசு தாண்டினவர், பிளட் கல்ச்சர்ல (ரத்தத்துல இருக்குற கிருமியை வளர்த்து பாக்குற டெஸ்ட்) சால்மொனெல்லா, கூடவே முதுகு வலி, இந்த மூணும் சேர்ந்தா அயோர்ட்டாவை ஸ்கேன் பண்ணி பாக்காம விடக்கூடாது.

டிபி வேற ரகம், மாசக்கணக்குல மெதுவா அரிக்கும், ஜுரம்கூட பெருசா இருக்காது, சீழ் மட்டும் தசை வழியா தூரமா இறங்கும். கால்நடைகள்ல இருந்து வர்ற புருசெல்லாவும், கியூ ஃபீவர் உண்டாக்குற காக்ஸியெல்லாவும் முதுகெலும்பையும் ரத்தக்குழாயையும் சேர்த்து பிடிக்கும், சாதாரண கல்ச்சர்ல காக்ஸியெல்லா வளராது. அதனால ஆடு மாட்டோட வேலை பாக்கறவரா, பச்சைப்பால் குடிச்சாரான்னு டாக்டர் கேட்டா அலுத்துக்காம பதில் சொல்லுங்க.

எப்போ சந்தேகப்படணும்? அறிகுறி என்ன?

இதுக்குத்தான் இந்த பக்கத்தையே எழுதறேன். தனியா "இதுதான்"னு ஒரு அறிகுறி கிடையாது. ஜுரம், முதுகு வலி, எடை குறையுறது எல்லாம் ரெண்டு நோய்க்கும் பொதுதான். வித்தியாசம் வலியோட குணத்துல இருக்கு.

எலும்பு வலி பெரும்பாலும் அசைஞ்சா வரும், புரண்டா வரும், தட்டினா வரும். ரத்தக்குழாய் வலி படுத்திருந்தாலும் விடாது, வயித்துக்கோ விலாவுக்கோ இடுப்புக்கோ பரவும், ஆழத்துல இருந்து வரும். ஒரு பெரியவர் ஞாபகம் வர்றார். ஆன்டிபயாடிக் நாலாவது வாரம், ஜுரம் போயிடுச்சு, சிஆர்பி (உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) இறங்கிட்டே வருது, ரிப்போர்ட்டை பாத்து எல்லாருக்கும் நிம்மதி. அவர் மட்டும் "முன்னாடி திரும்பினாத்தான் வலிக்கும், இப்போ சும்மா கிடந்தாலே உள்ள துடிக்குதும்மா"ன்னு ரெண்டு நாளா சொல்லிட்டே இருந்தார். வலி மாத்திரையை கூட்டினோம். மூணாவது நாள் சிடி எடுத்தா மூணாவது இடுப்பு எலும்பு பக்கத்துல அயோர்ட்டால இருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பை. அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷனுக்கு கொண்டு போனாங்க, பிழைச்சார். அந்த ரெண்டு நாளை நான் மறக்கல. "துடிக்குது"ங்கற வார்த்தையை கேட்டா இப்போ மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி ஸ்கேனை பத்திதான் பேசுவேன்.

நல்லா குறைஞ்சுகிட்டு வந்த வலி திடீர்னு ஏறினாலோ, மயக்கம் வந்து வேர்த்து கொட்டினாலோ, வயித்துல துடிக்கிற கட்டி தெரிஞ்சாலோ காத்திருக்க நேரம் இல்ல, நேரா எமர்ஜென்சிக்குத்தான். ஹீமோகுளோபின் காரணம் புரியாம குறையறதும் ஒரு சிக்னல். இன்னொண்ணு, ரத்த வாந்தியோ கருப்பு மலமோ கொஞ்சமா வந்து தானா நின்னுட்டா "அல்சரா இருக்கும்"னு விட்டுடாதீங்க. சிறுகுடலோட முதல் பகுதி அயோர்ட்டா மேலயே குறுக்கால போகுது, ரெண்டும் ஒட்டி ஓட்டையாகும்போது பெரிய ரத்தப்போக்குக்கு முன்னாடி இப்படி சின்னதா ஒரு கசிவு வரலாம். நெஞ்சுப் பகுதி எலும்புன்னா இருமல்ல ரத்தம் வர்றது அதே மாதிரி எச்சரிக்கை.

வயித்தை அழுத்தி அழுத்தி வீட்ல செக் பண்ணாதீங்க.

எம்ஆர்ஐ எடுத்தாச்சே, அதுல தெரியாதா?

எலும்பு, டிஸ்க், தண்டுவடம், சீழ் இதெல்லாம் பாக்க எம்ஆர்ஐ தான் சிறந்தது. அயோர்ட்டாவும் அந்த படத்துல ஓரமா இருக்கும், ஆனா முதுகெலும்புக்காக எடுக்கற படத்துல முன்பக்கத்தை வேணும்னே மங்கலாக்கற ஒரு பட்டை போடுவாங்க, மூச்சும் துடிப்பும் படத்தை கலைக்காம இருக்க. அந்த பட்டைக்குள்ள அயோர்ட்டா மறைஞ்சு போயிடலாம். ரத்தக்குழாய்க்குன்னு பாக்கணும்னா கான்ட்ராஸ்ட், அதாவது ரத்தக்குழாயை படத்துல பளிச்சுன்னு காட்டற மருந்து போட்டு சிடி ஆஞ்சியோகிராம். அதுல ஒரு பக்கமா பை மாதிரி புடைச்சிருக்கா, சுவரை சுத்தி திசு தடிச்சிருக்கா, காத்து குமிழ் இருக்கா, எலும்புக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவுல இருந்த கொழுப்புக்கோடு அழிஞ்சிருக்கான்னு பாப்பாங்க. நார்மலா வந்தாலும் சந்தேகம் தீரலன்னா சில நாள்ல திரும்ப எடுக்கணும், இந்த வீக்கம் நாள் கணக்குல வளரக்கூடியது.

இங்க ஒரு முக்கியமான ஆபத்து. முதுகெலும்பு ஓரமா இருக்குற சோவாஸ் தசைல சீழ் கட்டியிருக்குன்னு நினைச்சு ஊசி குத்தி எடுக்கறது வழக்கம். கசியுற அனியூரிசமும் கான்ட்ராஸ்ட் இல்லாத படத்துல அதே சீழ் கட்டி மாதிரியேதான் இருக்கும். ஊசி போடறதுக்கு முன்னாடி கான்ட்ராஸ்ட் படம் பாத்தாச்சான்னு கேக்கறதுல எந்த தப்பும் இல்ல, தைரியமா கேளுங்க.

கால் திடீர்னு விளங்காம போறதுக்கும் ரத்தக்குழாய்க்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நினைக்கறதைவிட அதிகமாவே. தண்டுவடத்தை சுத்தி சீழ் கட்டினா அது அழுத்தித்தான் கால் போகுதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. அழுத்தம் ஒரு காரணம். ஆனா அந்த சீழுக்குள்ளேயே சிரை வலை மூழ்கி கிடக்கு, அதுல ரத்தம் உறைஞ்சு போகும், தண்டுவடத்துல இருந்து ரத்தம் வெளிய வர வழியில்லாம வீங்கும், சின்ன தமனிகளும் அழற்சியில அடைபடும். அப்போ படத்துல அழுத்தம் கொஞ்சமா தெரிஞ்சாலும் கால் முழுசா போயிருக்கும். சீழை எடுத்தும் ஏன் கால் வரலன்னு அழற குடும்பங்களுக்கு பல நேரம் இதுதான் பதில்.

தண்டுவடத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தமனி, பின்னாடி ரெண்டு. முன்னாடி இருக்குறது மூணுல ரெண்டு பங்கு தண்டுவடத்துக்கு ரத்தம் குடுக்குது, கீழ்ப்பகுதிக்கு அதை நிரப்பறது ஆடம்கீவிச்ங்கற ஒரு கிளை, பெரும்பாலும் இடது பக்கம், நெஞ்சுப் பகுதியோட கடைசி எலும்புகள் கிட்ட இருந்து வரும். அந்த ஏரியால இன்ஃபெக்ஷனோ ஆபரேஷனோ இந்த கிளையை அடைச்சா ஒரு வினோதமான நிலைமை வரும்: கால் அசையாது, சூடு வலி தெரியாது, ஆனா கட்டைவிரலை மேல தூக்கினியா கீழ இறக்கினியான்னு கண்ணை மூடிட்டே சரியா சொல்லுவாங்க. பின் தமனிகள் நல்லா இருக்கறதால அந்த உணர்வு மட்டும் தப்பிச்சிருக்கும். இதை பாத்துட்டா அழுத்தத்தைவிட ரத்த ஓட்டத்தைத்தான் சந்தேகப்படுவாங்க.

கால்ல பலவீனம், யூரின் வராம நிக்கறது, உக்கார்ற இடம் மரத்துப்போறது, இதுல எது வந்தாலும் மணி கணக்குதான். ஒரு நாள் ஒன்றரை நாளுக்கு மேல முழுசா விளங்காம கிடந்தா திரும்பி வர்ற வாய்ப்பு ரொம்ப குறைஞ்சுடும்.

கழுத்து எலும்புல வந்தா?

மூளையோட பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டு போற வெர்டிப்ரல் தமனி கழுத்து எலும்புல இருக்குற ஓட்டைகள் வழியாவேதான் ஏறுது, பெரும்பாலும் ஆறாவது எலும்புல நுழைஞ்சு முதல் எலும்பு வரைக்கும். அந்த எலும்பு அழுகினா குழாய் அடைபடலாம், சுவர் கிழிஞ்சு புடைக்கலாம், உள்ள உறைஞ்ச ரத்தக்கட்டி உடைஞ்சு மூளைக்கு போகலாம். தலை சுத்தல், ரெட்டையா தெரியறது, பேச்சு குழறல், விழுங்க முடியாம போறது, நடை தள்ளாட்டம். கழுத்து வலியோட ஜுரம் இருக்குறவருக்கு இதுல எது புதுசா வந்தாலும் ஸ்ட்ரோக்னே எடுத்துக்கணும்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, படுத்தே இருக்கறதாலயா?

படுத்தே இருந்தாலும் வரும், ஆனா அதோட விட்டுடக்கூடாது. ஐந்தாவது இடுப்பு எலும்புக்கு முன்னாடி இடது கால்ல இருந்து வர்ற பெரிய சிரை, எலும்புக்கும் வலது பக்க தமனிக்கும் நடுவுல ஏற்கெனவே நசுங்கித்தான் இருக்கும். அங்க சீழும் வீக்கமும் சேர்ந்தா ரத்தம் தேங்கி உறையும். உறைஞ்ச கட்டியிலேயே கிருமி இருந்தா துண்டு துண்டா உடைஞ்சு நுரையீரலுக்கு போய் அங்க சின்ன சின்ன சீழ் புள்ளிகள் வரும், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, இறங்காத ஜுரம். டாப்ளர் ஸ்கேன் கால் சிரையை காட்டும், இடுப்புக்குள்ள இருக்குறதுக்கு சிடி தேவைப்படலாம்.

ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கணும், ஆனா தண்டுவடத்தை சுத்தி சீழ் இருக்கு, ஆபரேஷன் வரலாம், அயோர்ட்டால பை வேற இருந்தா சொல்லவே வேண்டாம். அதனால "உடனே ஆரம்பிங்க"ன்னு யாராலயும் கண்ணை மூடிட்டு சொல்ல முடியாது, அளவை கூட்டி குறைக்க முடியற, நிறுத்தினா சீக்கிரம் இறங்கற ஹெப்பாரின் மாதிரி மருந்துல ஆரம்பிக்கறது இதனாலதான்.

முதுகுக்கு வந்தோம், இதயத்துக்கு எக்கோ ஏன்?

ரத்தத்துல ஸ்டெஃபைலோகாக்கஸ் இருந்தா வால்வுலயும் இருக்கலாம். வால்வுல வளர்ற திட்டு உடைஞ்சு மூளை, மண்ணீரல், கிட்னி, கால் தமனின்னு எங்க வேணா போய் அடைக்கும். நெஞ்சு மேல பாக்குற எக்கோல தெரியலன்னா உணவுக்குழாய் வழியா ஒரு தடவை பாக்க சொல்வாங்க, கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்கோங்க.

அயோர்ட்டால இருக்குன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?

ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு காத்திருந்தா பெரும்பாலும் உடைஞ்சுடும். திறந்து பண்ற ஆபரேஷன்ல கெட்டுப்போன அயோர்ட்டாவையும் சுத்தி அழுகின திசுவையும் எடுத்துட்டு, அதே இடத்துல புதுக் குழாய் வெப்பாங்க, ரிஃபாம்பிசின்ங்கற ஆன்டிபயாடிக்ல ஊற வெச்ச செயற்கைக் குழாயோ, தானமா கிடைச்ச ரத்தக்குழாயோ, நோயாளியோட சொந்த தொடை சிரையோ. இடம் ரொம்ப அழுகியிருந்தா அந்த வழியையே மூடிட்டு அக்குள் தமனில இருந்து தோலுக்கு அடியில தொடைக்கு பைபாஸ். வயித்துல இருக்குற கொழுப்புத் திரையை கொண்டு வந்து சுத்தி போர்த்தறதும் உண்டு, அது கிருமியோட நல்லா சண்டை போடும்.

இன்னொரு வழி தொடை வழியா உள்ள விடற ஸ்டென்ட் கிராஃப்ட், துணி போர்த்தின கம்பி வலைக் குழாய். ரத்தம் கொட்டிட்டு இருக்கறவருக்கும் பெரிய ஆபரேஷனை தாங்காதவருக்கும் இது உயிர் காக்கும். குறை என்னன்னா சீழ் இருக்குற இடத்துலயே ஒரு வெளிப்பொருளை விட்டு வர்றோம், அதனால மாசக்கணக்குல, சிலருக்கு ஆயுசுக்கும் ஆன்டிபயாடிக். எது சரின்னு நோயாளியை பொறுத்துதான். முதுகெலும்பு ஆபரேஷனும் வேணும்னா பெரும்பாலும் ரத்தக்குழாயைத்தான் முதல்ல பாதுகாப்பாக்குவாங்க, எலும்பை சுரண்டும்போது அந்த பை உடைஞ்சா கட்டுப்படுத்த முடியாது.

சாதாரண முதுகெலும்பு இன்ஃபெக்ஷனுக்கு 6 வாரம்னு சொல்றாங்களே, இதுக்கும் அதேவா?

2015ல வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வுல 6 வாரமும் 12 வாரமும் ஒப்பிட்டாங்க, ரெண்டு பக்கமும் 100க்கு 90 பேர் கிட்ட குணமானாங்க, அதனால பெரும்பாலானவங்களுக்கு 6 வாரம் போதும்னு ஆச்சு. ரத்தக்குழாய் மாட்டினவங்களுக்கு அந்த கணக்கு பொருந்தாது, 6 வாரம்ங்கறது ஆரம்பம்தான்.

மாத்திரையை பத்தி ஒரு வார்த்தை. எலும்புக்குள்ள நல்லா போகும்ங்கறதால சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை இந்த நோய்ல நிறைய எழுதறாங்க. அந்த வகை அயோர்ட்டா வீங்கறதுக்கும் கிழியறதுக்கும் ஆபத்தை கூட்டலாம்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 டிசம்பர்ல எச்சரிச்சது. தானா நிறுத்திடாதீங்க, அது இன்னும் மோசம். ஆனா ஏற்கெனவே அனியூரிசம் இருக்குன்னு தெரிஞ்சா எழுதறவர்கிட்ட அதை சொல்லுங்க, வேற மருந்து ஒத்துவந்தா மாத்துவாங்க.

குழந்தைகளுக்கும் வருமா?

முதுகெலும்பு இன்ஃபெக்ஷன் வரும். டிஸ்க்குக்கே ரத்தக்குழாய் இருக்குற வயசு, அதனால கிருமி நேரா டிஸ்க்ல உக்காரும், நடக்க மாட்டேன்னு அடம் பிடிக்கறதுதான் பல நேரம் முதல் அறிகுறி. அயோர்ட்டா பிரச்சனை ரொம்ப அபூர்வம். எலும்பு இன்ஃபெக்ஷன்ல சில கடுமையான ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள் பக்கத்து சிரைல ரத்தம் உறைய வெச்சு நுரையீரல் வரைக்கும் போறது உண்டு, ஆன்டிபயாடிக் போட்டும் ஜுரம் இறங்காத குழந்தைக்கு மூச்சும் வேகமாச்சுன்னா அதைத்தான் தேடணும்.

வீட்டுக்கு வந்தாச்சு, இனி எதை பாத்துக்கணும்?

சிஆர்பி நார்மல்னு மட்டும் நம்பி இருக்காதீங்க, அது கிருமியை பத்தி சொல்லும், சுவர் மெலிஞ்சதை சொல்லாது. ஸ்டென்ட்டோ கிராஃப்டோ வெச்சிருந்தா குடுத்த தேதிக்கு சிடி எடுக்கணும், உடம்பு நல்லா இருக்கேன்னு தள்ளிப்போடாதீங்க. வலியை ஒரு நோட்டுல எழுதுங்க, எத்தனை மார்க்னு மட்டும் இல்ல, எங்க, எப்போ, அசைஞ்சாலா அசையாமலா, குத்துதா துடிக்குதா. அடுத்த தடவை டாக்டரை பாக்கும்போது அந்த நோட்டை கையில குடுத்துட்டு "எலும்புக்கு முன்னாடி இருக்குற ரத்தக்குழாயையும் பாத்தாச்சா"ன்னு கேளுங்க.